அக்காவின் ஊருக்கு மேலே பறந்தேன்

போன ஐப்பசி மழையில் நடந்தது இது. எனக்குத் தூத்துக்குடியில் ஒரு குடோனில் வேலை. ஒருநாள் காலையில், திண்டிவனத்தை அடுத்த ஒலக்கூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து அக்காவின் கணவர் போன் செய்தார். "மச்சான், உங்க அக்கா நம்மள விட்டுட்டுப் போயிட்டா" என்றவர் உடைந்து அழுதார். விடியற்காலையில் நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் பக்கம் ஒரு பெண் இறந்தால், பிறந்த வீட்டுக் கோடிப் புடவையைப் போர்த்தாமல் எடுக்கமாட்டார்கள். அவளுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். "பொழுது சாயறதுக்குள்ள வந்துடு மச்சான்" என்றார் மாமா.

கூட வேலை செய்பவர் தன் காரையே கொண்டுவந்து நிறுத்தினார். இப்போதே கிளம்பினால் சாயங்காலத்துக்கு முன் சேர்ந்துவிடலாம் என்றார். நான் கேட்கவில்லை. சென்னைக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம் என்று போன் காட்டியது. வானத்தில் போகிற நேரத்தை மட்டுமே பயண நேரம் என்று நம்பிய புத்திசாலி நான். மத்தியானமே வந்துவிடுவேன் என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, வழியில் ஒரு சிவப்புப் புடவை வாங்கிக்கொண்டு ஓடினேன்.

சென்னையில் மழை. அங்கிருந்து வரவேண்டிய விமானமே வரவில்லை. காலையிலேயே அந்தக் காரில் ஏறியிருந்தால், நான் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்த நேரத்துக்கு மதுரையைத் தாண்டியிருப்பேன்.

ஒருவழியாக ஏறிப் பறந்தபோது, நடுவில் மேகம் கொஞ்சம் விலகியது. கீழே நிரம்பிய ஏரிகள், நெடுஞ்சாலை, விக்கிரவாண்டி டோல்கேட் போல ஏதோ ஒன்று. அப்படியென்றால் அடுத்தது அக்கா ஊர்தான். பஸ்ஸாக இருந்தால் கண்டக்டர் காலில் விழுந்தாவது இறங்கியிருப்பேன். விமானம் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

சென்னையில் இறங்கி, டாக்ஸி பிடித்து, வந்த திசையிலேயே திரும்பினேன். செங்கல்பட்டு நெரிசலில் வண்டி நகராமல் நின்றபோது மாமா கூப்பிட்டார்.

"கரண்ட் இல்ல மச்சான், ஐஸ் பெட்டி நின்னுபோச்சு. சுடுகாட்டுப் பாதையில தண்ணி வேற ஏறிக்கினே இருக்குது. நீ சொல்லாம எடுக்கமாட்டேன். என்னா பண்ணட்டும்?"

"எடுத்துடுங்க மாமா." அதை எப்படிச் சொன்னேனோ, தெரியவில்லை. "கோடி யாரு போடுவாங்க?"

"மேல்சித்தாமூர் பக்கத்துலேர்ந்து மல்லாட்டை எடுக்க வருவாரே ஒரு யாவாரி, அவரு போடறேன்றாரு. உங்க அக்கா அவர அண்ணான்னுதான் கூப்புடுவா."

அந்த வேர்க்கடலை வியாபாரியை நான் பார்த்ததுகூட இல்லை. அவர் சமணர் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்; எங்களுக்கு எந்த வகையிலும் உறவில்லை. சரி என்றேன். வேறென்ன சொல்ல?

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். என் பையில் இருந்த புடவை மடிப்புக்கூடக் கலையவில்லை. தலை ஈரம் காயாமல் வாசலில் நின்றிருந்த பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்க்காமல் போக மனமில்லாமல் காத்திருந்தாராம்.

"மழையிலயே கடைக்குப் போயி நல்ல புடவையாத்தான் எடுத்தாந்தேன் தம்பி. உங்க பேரைச் சொல்லித்தான் போர்த்துனேன், தப்பா நெனைச்சிக்காதீங்க" என்றார்.

அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன். என் அக்காவுக்கு என்னைவிடப் பக்கத்தில் ஓர் அண்ணன் இருந்தார் என்பது எனக்கு ஆறுதலா தண்டனையா என்று இன்றுவரை தெரியவில்லை.