குடும்பத்தில் யாருக்கும் ஒன்றுமில்லை!

போன வாரம் அக்கா மகள் காவ்யாவை மூட்டு டாக்டரிடம் அழைத்துப் போனோம். சிங்கப்பூர் செங்காங்கில் பாலர் பள்ளி ஆசிரியை அவள். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்க மாட்டேன் என்கின்றன... தண்ணீர்ப் போத்தலைத் திறக்கக்கூட ஆள் தேட வேண்டியிருக்கிறது.

"குடும்பத்துல வேற யாருக்காச்சும் ஏதாச்சும் இருக்காம்மா?" என்று கேட்டார் டாக்டர். தமிழ்க்காரர்தான்.

"யாருக்கும் ஒன்னுமில்ல டாக்டர்!" கேள்வி முடிவதற்குள் அக்காவின் பதில்.

காவ்யாவுக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த நேரத்தில் நோயைப் பற்றி யார் கேட்டாலும், மாப்பிள்ளை வீட்டார் கேட்பதாகவே நம் காதில் விழும். டாக்டரிடமே மறைத்தால் மருந்தை யாரிடம் கேட்பது?

நான் சும்மா இருப்பேனா? "எனக்குத் தைராய்டு, டாக்டர். எங்கப்பா கூடப்பிறந்த அத்தைக்கு வெண்புள்ளி. அண்ணன் மகன் சின்ன வயசுலேர்ந்து இன்சுலின் போட்டுக்குறான்."

அக்கா என் தொடையில் கிள்ளினாள். "விரல் வலின்னு வந்தா தோலைப் பத்திப் பேசுறா!"

டாக்டர் சிரிக்கவில்லை. "நல்லவேளை சொன்னீங்க. நம்மளக் காப்பாத்துற எதிர்ப்புச் சக்தியே சில பேருக்கு உடம்பைத் தாக்கும். ஒருத்தருக்குத் தைராய்டு, ஒருத்தருக்குத் தோல், ஒருத்தருக்கு மூட்டு. இடம்தான் வேற... பின்னால இருக்குற ஜீன்கள்ல சிலது பொது. இருந்தா வந்தே தீரும்னு இல்ல. ஆனா தெரிஞ்சா சீக்கிரம் தேடலாம்."

தேடினார். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்குவாதம் – ஆரம்ப நிலை. மூட்டு இன்னும் கெடவில்லை, மருந்தில் கட்டுப்படுத்தலாம் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அக்காவுக்கு வரவில்லை. தேக்கா சந்தைக் கடையில் தோசைக்கு உட்கார்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு பாக்க வர்றப்ப யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

"தினமும் மாத்திரைய எங்கேம்மா ஒளிச்சு வெச்சு சாப்பிடுறது? முடியாது லா!"

சொன்ன கையோடு அந்தப் பையனுக்கே போன் போட்டாள் காவ்யா. ஸ்பீக்கரில்! எல்லாவற்றையும் சொன்னாள். நான் பிய்த்த தோசையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

"சனிக்கிழமை கண்டிப்பா வர்றோம்," என்றான் பையன். "அப்புறம்... எங்கம்மாவுக்கு சோரியாசிஸ் இருக்கு, அதுவும் இதே மாதிரி வர்ற தோல் வியாதிதான். உங்க வீட்டுல சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பாத்தியாடி... எவ்வளவு பெரிய விஷயம், வாயே திறக்கல பாரு அந்தம்மா!"