கவிழ்த்து வைத்த கல்

லண்டனில் ஸ்ட்ரெதமை விட்டு நடந்துகொண்டிருந்தோம். என் தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. அண்ணையிடம் கயிறு சுற்றிக் கட்டிய சூட்கேஸ். அண்ணை என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. நாலு மாதம் ஒரே அறையில் என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் படுத்தவர். அன்று காலை இருவரும் இறைச்சிக் குளிர்க்கிடங்கு வேலையை விட்டிருந்தோம். மத்தியானம் அறைக் கதவுத் திறப்பையும் வீட்டுக்காரரிடம் கொடுத்தாயிற்று. லீட்ஸில் ஒரு உணவகத்தின் குசினிக்கு இரண்டு பேர் வேண்டுமாம். சாப்பாடும் படுக்கையும் அங்கேயே. விக்டோரியாவிலிருந்து இரவு ஒன்பது மணிக்குக் கோச் பஸ். அப்போது ஏழு ஆகவில்லை.

வழியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் போய்வர வேண்டும் என்று நான் சொன்னதிலிருந்து அண்ணை முறைத்துக்கொண்டே வந்தார்.

“அங்கை உனக்கு என்ன அலுவல்?”

“ஒரு ஆளிட்டைச் சொல்லிப்போட்டு வாறன். பத்து நிமிஷம்.”

“அந்தச் செத்த சனத்தின்ர வகுப்போ? விசரே உனக்கு? எட்டாம் வகுப்பில அடிச்சுப் படிப்பிக்கவும் ஓடின நீ, இப்ப வெள்ளைக்காரியிட்டைப் படிக்கிறாய்.”

“சொல்லாமல் போகேலாது அண்ணை.”

“லீட்ஸிலயும் செத்த சனம் இருக்கும். கெதியா வா.”

சொல்லாமல் போவதுதான் என் வழக்கம். கொழும்பிலும், கிழக்கு பெர்லினிலும், இந்த லண்டனிலேயே ஏழெட்டு அறைகளிலும் அப்படித்தான் போனேன். ஒரு இடத்தில் நாலு மாதம் ஆனதும் கால் தானாகக் கதவுப் பக்கம் திரும்பிவிடும். இந்த வகுப்பை விட்டு மட்டும் அப்படிப் போக முடியாமல் இருந்ததற்குக் காரணம் அதன் ரெஜிஸ்டர்.

ஐப்பசியில் வேலை இல்லாமல் திரிந்த ஒரு மழை நாளில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் ஒதுங்கினேன். உள்ளே சூடாக இருந்தது. கவுன்சில் நடத்தும் பின்னேர வகுப்புகள் என்றும், அரசாங்க பெனிபிட் காசு எடுப்பவர்களுக்குச் சும்மா மாதிரி என்றும் சொன்னார்கள். தையலும் கார் திருத்துவதும் நிறைந்திருந்தன. மாயர்கள் என்ற வகுப்பில் கதிரைகள் காலி. மத்திய அமெரிக்கக் காட்டுக்குள் ஆயிரம் வருஷத்துக்கு முன் கல்லில் நகரம் கட்டி வாழ்ந்த சனமாம். எனக்கு அந்தச் சனத்தில் அக்கறை இருக்கவில்லை. யன்னலோரம் ரேடியேட்டர் இருந்தது. தேத்தண்ணியும் பிஸ்கட்டும் தந்தார்கள். செவ்வாய்க்கிழமைகளில் போய் உட்கார்ந்தேன். கிடங்கில் வேலை கிடைத்த பிறகும் போனேன். நாள் முழுக்க உறைந்த ஆட்டுத் தொடைகளைத் தூக்கியவனுக்கு ரேடியேட்டர் இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டது.

படிப்பித்தவர் என் வயதுப் பெண், முப்பத்தைந்து இருக்கும். சைக்கிளில் நனைந்துகொண்டு வருவார். வருஷத்தில் மூன்று மாதம் அந்தக் காட்டில் நிலம் கிண்டி ஆராய்கிறவர். மற்ற மாதங்களில் இப்படி வகுப்பெடுத்துச் சீவித்தார். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், குளிருக்கு இரண்டு தொப்பி போடும் ஒரு கிழவி, இன்னும் சிலர், கடைசியாக நான். ரெஜிஸ்டரில் மொத்தம் பத்துப் பேர். பத்துக்கு ஒன்று குறைந்தாலும் கவுன்சில் வகுப்பை மூடிவிடும். இன்னும் இரண்டு கிழமையில் ஆள் எண்ண ஒருவர் வருவார் என்று போன கிழமை படிப்பித்தவர் சொன்னார். சொல்லும்போது சிரிக்கத்தான் பார்த்தார். “தையல் வகுப்பை மூடினால் வேறொரு தையல் வகுப்பு வரும். இதை மூடினால் திரும்ப வராது. எனக்கும் வேறு வேலை இல்லை.”

போகிறேன் என்று நேரில் சொல்லிவிட்டால், ஒரு கிழமைக்குள் வேறு ஆளைத் தேடிக்கொள்ளட்டும் என்பது என் எண்ணம்.

நாங்கள் உள்ளே போனபோது வெளிச்சத்தை அணைத்துவிட்டுச் சுவரில் ஸ்லைட் படம் காட்டத் தொடங்கியிருந்தார்கள். என்னைக் கண்டதும் படிப்பித்தவர் ரெஜிஸ்டரில் அடையாளம் போட்டார். அண்ணையைப் பார்த்து, “புது ஆளா?” என்றார் ஆசையோடு. அண்ணை பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் சூட்கேஸை வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். இந்தப் படம் முடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அதுவரை கேட்டதில் சில எனக்குள் தங்கியிருந்தன. அந்தச் சனம் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்துத்தான் அரைத்தது. வெற்றிலையோடு தவிர வேறெதிலாவது சுண்ணாம்பு சாப்பிடுவார்கள் என்று நான் அங்கேதான் கேள்விப்பட்டேன். கை விரலும் கால் விரலும் சேர்த்து இருபது இருபதாக எண்ணினார்கள். செத்தவர்களை வீட்டு நிலத்துக்குள்ளேயே புதைத்து, அதன்மேல் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். இதைக் கேட்ட அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர்களிடம் மாடில்லை, குதிரையில்லை, வண்டியில்லை. எல்லாம் மனிதன் முதுகில்தான் போனது. நெற்றியில் ஒரு பட்டி போட்டு, பாரத்தை முதுகில் தொங்கவிட்டுக் குனிந்து நடப்பார்கள். நான் கிடங்கில் ஒரு நாள் அப்படிச் செய்து பார்த்தேன், கழுத்துப் பிடித்துக்கொண்டது.

அன்றைய பாடம், அவர்கள் ஏன் நகரங்களை விட்டுப் போனார்கள் என்பது. அரசர்களும் கோபுரங்களும் எல்லாருக்கும் தெரியும், இன்று ஒரு ஏழை வீட்டைப் பார்ப்போம் என்று ஒரு படம் போட்டார். மண் நிலம், எரிந்த கரி, உடைந்த சட்டி. சுவரோரம் ஒரு அரைகல். எங்கள் அம்மி மாதிரித்தான், நடுவில் குழிந்தது. ஆனால் குழிந்த பக்கம் நிலத்தைப் பார்க்கக் கிடந்தது.

“சண்டை. எதிரி வந்து புரட்டிப் போட்டிருக்கிறான்” என்றார் தபால்காரர்.

“காய்ச்சலாக இருக்கும். ஒரே கிழமையில் செத்திருப்பார்கள்” என்றாள் இரண்டு தொப்பிக் கிழவி.

“அவசரமாக ஓடியதுபோலத்தான் தெரிகிறது” என்றார் படிப்பித்தவர்.

“இல்லை” என்றேன். ஆறு கிழமையில் அந்த வகுப்பில் நான் பேசிய முதல் சொல் அது. எல்லாரும் திரும்பினார்கள். என் இங்கிலிஷ் கிடங்கு இங்கிலிஷ். அதை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? “நாய் நக்கும்” என்றேன்.

சிரித்தார்கள். படிப்பித்தவர் சிரிக்கவில்லை. “சொல்லுங்கள்” என்றார்.

எண்பத்தேழில் எங்கள் ஊரில் ஷெல் குண்டு விழத் தொடங்கிய கிழமை நாங்களும் வீட்டை விட்டோம். சைக்கிளில் அரிசி, பாய், உடுப்பு. அம்மியை யாரும் தூக்க நினைக்கவில்லை. அம்மா அதைக் கழுவி, குழவியைப் பக்கத்தில் கிடத்தி, அம்மியைக் கவிழ்த்து வைத்தாள். நாய் நக்கக்கூடாது, மழைத்தண்ணி நின்று பாசி பிடிக்கக்கூடாது. அந்தப் பாரத்தைப் புரட்ட என்னைக் கூப்பிட்டாள். அம்மா, ஷெல் வருது, விடணை என்று கத்திக்கொண்டே புரட்டினேன். இதைத்தான் துண்டு துண்டாகச் சொன்னேன். கடைசியில், “திரும்பி வர நினைக்காத ஆள் அதைக் கவிழ்க்க மாட்டான்” என்றேன்.

கிழவி கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

“நீங்கள் திரும்பிப் போனீர்களா?” என்று கேட்டாள் கிழவி.

“இல்லை.”

படிப்பித்தவர் படத்துக்குக் கிட்டப் போய் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். தானே கிண்டி எடுத்த வீடு அது என்றும், இப்படி இன்னும் மூன்று வீடுகளில் கண்டதாகவும், ஓடிய அவசரத்தில் புரண்டது என்றே எழுதி வைத்ததாகவும் சொன்னார். பிறகு என்னிடம், “அடுத்த கிழமை அந்த மூன்று வீட்டுப் படங்களையும் கொண்டுவருகிறேன். எதை எதை விட்டுப் போனார்கள், எதைக் கொண்டுபோனார்கள் என்று சேர்ந்து பார்க்கலாமா?” என்றார். எதற்காக வந்தேனோ அதைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. சரி என்று தலையை ஆட்டிவிட்டேன்.

அண்ணை சூட்கேஸோடு எழும்பி என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“சொல்லிட்டியோ?”

“இல்லை.”

“எட்டாகப் போகுது. நடவன்.”

“நான் வரேல்லை அண்ணை.”

“டேய், அங்கை ரெண்டு பேர் எண்டு சொல்லி வச்சிருக்கிறன். அறையும் இல்லை, வேலையும் இல்லை. எங்கை படுப்பாய்? இந்தப் படத்துக்குள்ளயோ?”

“எங்கையாவது படுப்பன்.”

“மூண்டு கல்லுக்காக ஒரு வேலையை விடுறவனை நான் இப்பதான் பாக்கிறன்.” இரண்டு படி இறங்கியவர் நின்றார். “எங்கட அம்மாவும் கவிட்டுத்தான் வச்சவ” என்றார் என்னைப் பார்க்காமல். “அதுக்காக நான் கோச்சை விடேலாது.”

போய்விட்டார். லீட்ஸில் ஒருவரை மட்டும் எடுத்தார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு அவரை நான் காணவில்லை.

வகுப்பு முடிந்து டூட்டிங் வரை நடந்தேன். தெரிந்த ஒருவரின் வீட்டு ஹோலில், சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் படுக்க இடம் கிடைத்தது. விடிய ஆறு மணிக்கு எழுந்து மெயின் ரோட்டில் கடை கடையாகக் கேட்டுக்கொண்டு போனேன். நாலாவது, நம்முடைய ஆள் ஒருவரின் மரக்கறிக் கடை. வாசலில் வான் நின்றது. இறக்குகிற பெடியன் வரவில்லை என்று முதலாளி கோபத்தில் இருந்தார். கேட்காமலே இரண்டு வெங்காய மூட்டையை இறக்கி உள்ளே வைத்தேன்.

“எத்தினை நாள் நிப்பாய்?” என்றார். ஓரிடத்தில் நிற்காதவன் என்று முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டார்.

“நிப்பன். செவ்வாய்க்கிழமை மட்டும் பின்னேரம் ஆறு மணிக்கு விடவேணும்.”

“ஏன், அம்மனுக்கு விரதமோ?”

“ஓம்” என்றேன். விளங்கப்படுத்த ஏலாது.

அவருக்கு அது பிடித்திருந்தது. பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு கத்தியைத் தந்து, ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த மரவள்ளிக்கிழங்குப் பெட்டிகளைக் காட்டினார். அழுகின நுனியை வெட்டிவிட்டு நல்லதை முன்னால் அடுக்க வேண்டும். குளிர்க்கிடங்கைவிடச் சம்பளம் குறைவு. ஜாக்கெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு முதல் பெட்டியை இறக்கினேன்.