பெருமாளுக்கு ஊற்றிய எருமைப்பால்

நான் பிறந்தது பால் வாங்குகிற வீட்டில். வாழ்க்கைப்பட்டது பால் விற்கிற வீட்டில். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள் என்பதால், பால் விலையைப் பற்றி யார் பேசினாலும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிடும். இப்போதும் வருகிறது. பாக்கெட் ஒரு ரூபாய் ஏறினால் வீடு கொள்ளை போனதுபோல் புலம்புகிறார்களே, அந்த ஒரு ரூபாய் மாட்டுக்காரன் கைக்குப் போகிறதா என்று எவராவது கேட்டால் சொல்லுங்கள், அவர் காலில் விழுகிறேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு வாடகை வீட்டில் வளர்ந்தேன். அப்பா பஸ் கண்டக்டர். பால் கொண்டுவருகிற பெண்ணிடம் அம்மா தினமும் ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டுத்தான் சொம்பை நீட்டுவாள். நுரையை அளக்கிறாய், தண்ணீர் கலக்கிறாய், பக்கத்துத் தெருவில் இதைவிடக் குறைச்சலாகக் கிடைக்கிறது. தெரு முழுக்க அதே பாட்டுத்தான். அவர்களையும் குற்றம் சொல்வதற்கில்லை. முதலாளி நெசவுக் கூலியைக் கூட்டிக் கொடுத்தால்தானே நெய்கிறவன் பாலுக்குக் கூட்டிக் கொடுப்பான்? ஆனால் அந்தப் பெண் எத்தனை மணிக்கு எழுந்தாள், அவள் பிள்ளைகள் பால் குடித்தார்களா என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றியதில்லை.

அறுபதுகளின் கடைசியில் முசரவாக்கத்துப் பக்கம் ஒரு சின்ன ஊரில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டில் என் வீட்டுக்காரர், மாமியார், நான், அப்புறம் மாமியாருடைய எருமை. எருமையைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிலம் மகன் பேரில், வீடு மகன் பேரில். எருமை மட்டும் அத்தையுடையது. மாமனார் செத்த பிறகு, கழற்றி வைத்த தாலிப் பொன்னை விற்று வாங்கியது. பால் காசு அவர் கைக்கே வரும். புண்ணாக்கும் தவிடும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான், ஆனால் அது அவர் இடுப்பில் இருக்கும். மகனிடம் ஒரு பைசா கேட்கமாட்டார். வீட்டில் என்ன குழம்பு என்பதிலிருந்து யார் கல்யாணத்துக்கு என்ன மொய் என்பதுவரை அவர் சொன்னதுதான் நடக்கும். என்னை அவர் அதட்டுகிற அதட்டல் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும், சம்பாதிக்கிற பொம்பளை, அதட்டத்தான் செய்வாள் என்று உள்ளுக்குள் ஒரு மதிப்பும் இருந்தது.

ஊருக்குப் பால் எடுக்க ஒரு ஆள் வருவான். எல்லோரும் மரியாதையாகக் கேன்காரர் என்பார்கள். நான் கேன்காரன் என்றுதான் எழுதப்போகிறேன். விடியற்காலையில் சைக்கிளில் இரண்டு பக்கமும் பெரிய கேன்களைக் கட்டிக்கொண்டு மாரியம்மன் கோயில் முன்னால் நிற்பான். பசு, எருமை என்று அவனுக்குப் பேதமில்லை. எல்லாம் ஒரே கேன், ஒரே விலை. எருமைப்பால் கெட்டி, தண்ணீர் நன்றாகத் தாங்கும் என்று அத்தையிடமே சிரித்துக்கொண்டு சொல்வான். அங்கிருந்து டவுன் ஓட்டல்களுக்கும் மிட்டாய்க் கடைகளுக்கும் நெசவுத் தெருக்களுக்கும் போகும். எங்களுக்கு அவன் வாயில் வருவதுதான் விலை. டவுனில் அவன் என்ன விலைக்கு விற்கிறான் என்பதை நான்தான் போட்டு உடைத்தேன். அந்தத் தெருவில் வளர்ந்தவளுக்குத் தெரியாதா? தண்ணீரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் எங்களுக்குக் கொடுப்பதைப்போல இரண்டு பங்கு வந்தது. அன்றைக்கு ஊரில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு வருஷம் கோடையில் புண்ணாக்கு விலை தாறுமாறாக ஏறிவிட்டது. பால் விலை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. லிட்டருக்குப் பத்துப் பைசா கூடினால் எருமையை வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் ஆடி பிறந்ததும் சந்தைக்கு ஓட்டிவிடுவேன் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. தீனிக்குப் போடுகிற காசு பாலில் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். அத்தை அன்றைக்கு முழுக்க யாரையும் அதட்டவில்லை.

எருமை இருக்கிற வீடு எங்களுடையது மட்டும்தான். மற்ற வீடுகளில் பசு. ஆனால் எல்லோருக்கும் அதே கதை. எல்லோரும் கூடிப் பேசினோம். வைகாசி பிறக்கப்போகிறது, கருட சேவைக்கு டவுனில் ஜனம் கொட்டும், மிட்டாய்க் கடைக்காரனுக்குப் பால் எவ்வளவு வந்தாலும் போதாது, இப்போது நிறுத்தினால்தான் கேன்காரன் வழிக்கு வருவான் என்று முடிவாயிற்று. பத்துப் பைசா கூட்டுகிறவரை ஒரு சொட்டுக் கிடையாது. மறுநாள் கேன்காரன் வந்தான், கேட்டான், சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் காலிக் கேன்களோடு போனான். அவன் கத்தியிருந்தால் எங்களுக்குத் தைரியம் வந்திருக்கும்.

நிறுத்தின பாலை என்ன செய்வது? மாடு கறக்காமல் விட முடியாது. தயிராகத் தோய்த்தோம், கடைந்தோம், வெண்ணெய் அந்த வெயிலில் எண்ணெயாகி ஓடியது. ஊர்ப் பிள்ளைகள் டம்ளர் டம்ளராகப் பால் குடித்தார்கள். பால்மாட்டு வீட்டுப் பிள்ளைகள்தான், ஆனால் குடித்துப் பழக்கமில்லை. இரண்டே நாளில் பாதிப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. இதை எந்தச் சுவரில் முட்டிக்கொண்டு சொல்வது?

அப்போதுதான் அந்தப் புது ஆள் வந்தான். நெற்றியில் பளிச்சென்று நாமம். சைக்கிள் பின்னால் பித்தளை அண்டா, அதன் மேல் மஞ்சள் நனைத்த துணி, உள்ளே துளசி. கடைக்குக் கேட்டு வரவில்லை, பெருமாள் திருமஞ்சனத்துக்காக வந்தேன் என்றான். நீங்கள் நிறுத்தியதில் டவுனில் பாலே இல்லை, உற்சவ நேரத்தில் சாமி பாலையுமா நிறுத்துவீர்கள் என்று கேட்டான். நாங்கள் அபிஷேகம் என்போம். திருமஞ்சனம் என்கிற அந்த வார்த்தையைக் கேட்டதும் பாதிப் பேர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். நானும்தான் கும்பிட்டேன்.

சிலர் தயங்கினார்கள். பேசினது அத்தைதான். "என்னாண்ட பசு இல்ல. இருந்தா நான் யோசிச்சிக்கினு நிப்பனா? நம்ம சண்ட கேன்காரர் கூடப்பா. பெருமாள் கூடவா?"

சாமிக்குப் பசும்பால்தான், எருமைப்பால் ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அதனால் அத்தை ஒதுங்கியே நின்றார். மற்றவர்கள் ஊற்றினார்கள். முதல் நாள் வீட்டுக்கு ஒரு சொம்பு. மறுநாள் ஒருத்தி இரண்டு சொம்பு ஊற்ற, அடுத்தவள் விடுவாளா? எப்படியும் கெட்டுப்போகிற பால், புண்ணியமாவது சேரட்டும் என்று அப்புறம் காலையில் கறக்கிற பாலெல்லாம் அந்த அண்டாவுக்கே போயிற்று. காசு பேசவே இல்லை. சாமி பாலுக்குக் காசு வாங்குவார்களா?

கேன்காரன் விலை பேச வரவில்லை. இன்று வருவான், நாளைக்கு வருவான் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். கடைக்குப் பால் இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறான் என்று எங்களுக்குப் புரியவில்லை. இங்கே புண்ணாக்கு மூட்டை காலியாகிக்கொண்டிருந்தது.

கருட சேவைக்கு முந்தின நாள். வெயிலுக்குப் பசுக்கள் கறவை குறைந்துபோய் அண்டா நிறையவில்லை. நாமக்காரன் அவசரத்தில் இருந்தான். ஓரமாக நின்றிருந்த அத்தையைப் பார்த்து, "உன் பாலையும் ஊத்துமா, ஒண்ணும் ஆவாது" என்றான். அத்தை நம்பவில்லை. மறுபடியும் கேட்டார். அவன் ஊத்து ஊத்து என்றான். வீட்டுக்கு ஓடிப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்து ஊற்றினார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் தெருவில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொன்னார். "பெருமாளு என் எருமையயும் ஏத்துக்கினாரு."

கேட்டவர்கள் எல்லோரும் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தர் சிரிப்பாக நின்றது. எதிர்வீட்டுக்காரி மட்டும் மெதுவாக, "எருமைப்பாலயா ஊத்திக்கினான்?" என்று கேட்டாள். அத்தை சந்தோஷமாக ஆமாம் என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எந்தக் கோயிலில் எருமைப்பாலில் அபிஷேகம் செய்கிறார்கள்? அத்தை தவிர ஊருக்கே புரிந்துவிட்டது. அவரிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, வாயாடி என்று பேரெடுத்த எனக்கும்கூட.

மறுநாளும் ஒன்றும் தெரியாததுபோல் ஊற்றினார்கள். நாமக்காரன் அண்டாவோடு திரும்பும்போது என் வீட்டுக்காரரும் இன்னொருவரும் கண்ணில் படாமல் பின்னாலேயே போனார்கள். அண்டா கோயில் பக்கமே திரும்பவில்லை. கூட்டத்துக்கு நடுவே ஒரு சந்துக்குள் போய், மிட்டாய்க் கடையின் கொல்லைப்புறத்தில் இறங்கியது. அங்கே கேன்காரன்தான் உட்கார்ந்து பாலை வடிகட்டிக்கொண்டிருந்தான். துளசியை எடுத்துச் சாக்கடையில் போட்டானாம். என் வீட்டுக்காரர் சட்டையைப் பிடிக்கப் போயிருக்கிறார். அவன் அசரவில்லை. "பால்கோவா துண்றவன் யாரு? பெருமாள சேவிக்க வந்தவன்தான? அவன் வாயில போனா சாமிக்குப் போன மாதிரிதான்பா" என்றானாம். நெற்றியில் போட்டிருந்த நாமத்தை எங்கள் எல்லோருக்கும் போட்டுவிட்டுத்தான் இத்தனை நாளும் போயிருக்கிறார்கள்.

ஊருக்குச் செய்தி வந்ததும் ஏச்செல்லாம் அத்தை பக்கம் திரும்பிற்று. பெருமாள் கூடவா சண்டை என்று கேட்டது அவர்தானே. கேன்காரனைத் திட்ட வேண்டிய வாயெல்லாம் எங்கள் வாசலில் வந்து திட்டியது. நான் பதிலுக்குப் பதில் கொடுத்தேன், நன்றாகவே கொடுத்தேன். அத்தை எருமையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்துக் கேன்காரன் தானே வந்தான். கேட்ட பத்துப் பைசாவைத் தருகிறேன் என்றான். எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம் சைக்கிளில் தொங்கவிட்டிருந்த ஒரு பெரிய கரண்டியை எடுத்தான். "சாமி பாலுன்னு நீங்களே ஆரம்பிச்சிட்டீங்க. நடுவுல நிறுத்தினா பாவம். லிட்டருக்கு ஒரு கரண்டி பெருமாளுக்கு."

அந்தக் கரண்டி பத்துப் பைசாவை விடப் பெரியது. சாமிக்கு என்பது பொய் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்று. ஆனால் பெருமாளுக்குப் பால் கிடையாது என்று முதலில் சொல்கிற வாய் யாருடைய வாய்? மாடு செத்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், நீ அன்றைக்குச் சொன்னாயே என்று யாராவது சொல்லமாட்டார்களா? ஒவ்வொருத்தராக ஊற்றினார்கள். கரண்டி போய்ப் போய் வந்தது.

அத்தை முறை வந்தது. அவர் குண்டானைச் சாய்த்து, கரண்டிக்காகக் காத்துக்கொண்டு நின்றார். கேன்காரன் கரண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"எருமைப்பால் சாமிக்கு ஆவாதுமா. உனக்குப் பழைய வெலதான்."

"அன்னிக்கு ஊத்தினேனே, அது யாருக்குப்பா?" என்று கேட்டார் அத்தை. சண்டைக்குக் கேட்டதில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அவன் கேன் மூடியை அழுத்திக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டான். வரிசையில் நின்றவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தக் கேனை எட்டி உதைக்க வேண்டும் என்று எனக்குக் கால் துடித்தது. அத்தை என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

ஆடி பிறந்ததும் என் வீட்டுக்காரர் சொன்னபடியே எருமையைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார். வந்த பணத்தை அத்தை கையில் வாங்கக்கூட இல்லை. அது கூரை மாற்றப் போயிற்று. சொசைட்டி வரும், பாலைச் சோதித்து நியாயமான விலை போடுவார்கள் என்று அப்போதே பேச்சு இருந்தது. வந்தது, பல வருஷம் கழித்து. அப்போது எங்கள் வீட்டில் பால் கறக்க ஒன்றும் இல்லை.

வீட்டில் அதட்டல் நின்றுபோனது. என்ன குழம்பு என்று நானே முடிவு செய்தேன். நான் எத்தனையோ நாள் ஆசைப்பட்டதுதான், கிடைத்த பிறகு ருசிக்கவில்லை. புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை காலை நான் அடுப்படியில் இருந்தேன். அத்தை உள்ளே வராமல் வெளியிலேயே நின்றார். எதற்கு நிற்கிறார் என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

"ஏமா, டவுனுக்குப் போயி பெருமாளப் பாத்துட்டு வரலாம்னு இருக்குது. பஸ்ஸுக்கு நாலணா இருந்தா குடுமா."

நான் அரிசிப் பானையில் கையை விட்டுச் சில்லறை தேடினேன். எடுத்துக் கொடுக்கிறவரைக்கும் அவர் என் முகத்தைப் பார்க்காமல், யார் வீட்டு வாசலிலோ நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தார்.