ஆரியசாலை மாடியில் திராஷ் மெட்டல்

தம்பானூர் பேருந்து நிலைய டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு கல்லூரிப் பையன்கள், புதிதாக வந்த திராஷ் மெட்டல் என்ற காதைப் பிளக்கும் ராக் இசை ஆல்பத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "கிட்டார் கொள்ளாம்டே, டிரம்ஸ்தான் போரா" என்று கிட்டாரைப் புகழ்ந்து டிரம்ஸைக் குறை சொன்னான் ஒருவன்.

என் அண்ணனும் இப்படித்தான் பேசுவான். ஆரியசாலையில் அப்பாவின் வற்றல் மிளகாய்க் கடைக்கு மேலே எங்கள் வீடு. புதுக் கேசட் வந்தால் அவனுடைய கூட்டுக்காரர்கள் மாடியேறி வருவார்கள். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே மணிக்கணக்கில் வாதிடுவார்கள். கடை அடைத்து வரும் அப்பா, சட்டையைக் கழற்றும் முன்பே டேப் ரெக்கார்டரின் பிளக்கைப் பிடுங்குவார்.

கடைசியில் அண்ணன் கேசட்டுகளை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தான். அப்பாவிடம் அந்த இடத்தைச் சொன்னவள் நான். எனக்குப் பத்து வயது. அப்பா ஒவ்வொரு கேசட்டிலிருந்தும் நாடாவை உருவிப் போட்டார். அண்ணன் என்னைத் திட்டவில்லை. அடுத்த வாரம் பம்பாய்க்கு ரயிலேறினான். எட்டே மாதத்தில், அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனான்.

காரியம் முடிந்த அன்று அப்பா என்னைக் கூப்பிட்டார். "மோளே, அவன் அந்தக் கேசட்டுகள்ல எந்தப் பாட்டை ரொம்பக் கேப்பான்?"

எனக்குத் தெரியவில்லை. அப்பாவும் நானும் ஒருநாளும் காதுகொடுத்துக் கேட்டதில்லை.

பையன்களில் ஒருவன் என் முகத்தைப் பார்த்துவிட்டான். "ஸாரி ஆன்டி, சத்தம் கூடிப் போச்சோ?"

"இல்ல மக்களே. அந்தப் பாட்டை நானும் ஒருதடவை கேக்கட்டுமா?"

அவன் இயர்போனைச் சட்டையில் துடைத்து நீட்டினான். முடியும்வரை கேட்டேன். என் பேருந்து போய்விட்டது.