காமனுக்கு நான் கட்டிய காப்பு

மஞ்சளில் தோய்த்த அந்த நூல் அவருடைய மணிக்கட்டை மூன்று சுற்றுச் சுற்றப் போதவில்லை. லொறி ஓட்டி ஓட்டித் தடித்துப்போன கை அது. இன்னோர் இழையைச் சேர்த்து முடிச்சிட்டேன். மாசி மாதத்து வளர்பிறையின் மூன்றாம் நாள். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்றலில் காமன் கம்பம் நட்டு முடிந்திருந்தது. முடிச்சு விழுந்ததும் அவர் கண்களை மூடிக்கொண்டார். அதைப் பக்தி என்று அன்று எண்ணினேன். வெள்ளத்தில் அகப்பட்டவன் கைக்கு எட்டிய வேரைப் பற்றுவதும் அப்படித்தான் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

பதுளைக்குப் பக்கத்தில் ஹாலிஎலவுக்கு மேலே, பஸ் கடைசியாகத் திரும்பிச் செல்லும் தேயிலைத் தோட்டம் எங்களுடையது. தொழிற்சாலையில் பச்சைக் கொழுந்து நிறுப்பதே நெடுங்காலம் என் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்றபின் வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் பதிகம் பாடும் கூட்டத்தை நடத்தி வருகிறேன். அவர் மலையிலிருந்து கொழுந்து இறக்கும் லொறியின் ஓட்டுநர். ஊருக்கு அவர் 'டிரைவர்' மட்டுமே. நாற்பதை எட்டாத வயது. மனைவி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர். ஒரே மகள். எங்கள் கூட்டத்தில் டிரைவருடையதைப் போன்ற குரல் வேறெவருக்கும் இல்லை. உருகிப் பாடுவார். அந்த உருக்கத்தின் ஊற்று எது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் சுண்டல் வாங்கிக்கொண்டு போனபின், விரித்த பாய்களை அவர் மிக மெதுவாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். "ஐயா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னா இனிமே என்னைய பாட விடுவீங்களோ என்னமோ" என்றார். "குடியா தம்பி?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் ஓர் ஆண் தலைகுனிந்து பேச வந்தால் முதலில் எழும் கேள்வி அதுதான். அவர் கசப்போடு சிரித்தார். "குடின்னா ஊரே வைத்தியம் சொல்லுமே ஐயா. இது அது இல்ல. என் புத்தி என் கையில இல்லீங்க."

பிறகு சொன்னார். கொழுந்து ஏற்றிய லொறியை மலைவளைவில் நிறுத்திவிட்டுக் கைப்பேசியில் ஆபாசப் படங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். ஒன்றரை மணி நேரம் கழிந்ததுகூடத் தெரியாதாம். சாக்குகளில் கொழுந்து வெந்து சிவந்துபோய்த் தொழிற்சாலையில் ஏச்சு வாங்கிய நாட்கள் உண்டு. பதுளைக்குச் சாமான் எடுக்கப் போனால் கால்கள் தாமாகவே காசுக்குப் பெண்கள் கிடைக்கும் ஒரு விடுதியின் படியேறும். இன்பம் என்று அதில் எதுவும் மிஞ்சவில்லை. "வேணாம் வேணாமுன்னு சொல்லிக்கிட்டே போறேன் ஐயா. திரும்பி வரைக்குள்ள என்னைய எனக்கே அருவருப்பா இருக்கு. மறுநா மறுபடி போறேன்."

ஐம்புலன்களும் தம்மை ஆளுக்கொரு திசையாய் இழுப்பதாக அடியார்கள் கதறிய பாடல்களை நான் பல்லாயிரம் முறை பாடியிருக்கிறேன். பொருள் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். அதே கதறலை உயிருள்ள ஒருவன் கையில் பாயோடு நின்று சொன்னபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவரை நான் கடிந்துகொள்ளவில்லை. அதைவிடப் பிழையான ஒன்றைச் செய்தேன். விடியலில் தலைமுழுகச் சொன்னேன். நீறு பூசி, இன்ன பதிகத்தை இத்தனை முறை ஓது என்றேன். வாரந்தோறும் "எப்படித் தம்பி?" என்று கேட்பேன். "பரவாயில்லீங்க" என்பார். அந்தப் பதிலையே நான் விரும்பியதால் அதையே நம்பினேன்.

அந்த ஆண்டு மாசியில் காமன் கூத்துக்குக் காமன் வேடங்கட்ட ஆள் கிடைக்கவில்லை. கதை எங்கள் மலைநாட்டில் எல்லோரும் அறிந்ததே. தவத்திலிருக்கும் சிவன் மீது கணை தொடுக்கக் காமன் புறப்படுவான். போகாதே என்று ரதி மன்றாடுவாள். அவன் போய் நெற்றிக்கண்ணில் எரிவான். வேடங்கட்டுகிறவர் காப்புக் கட்டிய நாள்முதல் வீட்டுக்குப் போகாமல் கோயிலிலேயே படுத்து, ஒருபொழுது உண்டு, பெண்வாசனை அறியாது இருக்கவேண்டும் என்பது விரதம். எனக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. இவரையே காமனாக்கினால் என்ன? ஊரறியக் காப்புக் கட்டினால் அந்த நூலே வேலியாகாதா? வேடம் எரியும்போது உள்ளே இருப்பதும் எரிந்துபோகாதா? அதைத் திருவருள் காட்டிய வழி என்று நம்பினேன். அவரிடம் சொன்னபோது, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் ஐயா" என்றார்.

ரதியாக வேடமிட்டவன் தொழிற்சாலையில் கொழுந்து உலர்த்தும் இளைஞன், வாய்த்துடுக்குக்காரன். ஒத்திகையில் சேலை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "மச்சான், பொண்டாட்டிய அப்பிடி மொறச்சுப் பாக்காத, கூச்சமா இருக்கு! காப்புக் கட்டுன ஆளு நீ, கண்ண மூடிக்கிட்டு கட்டிப்பிடி!" என்பான். கூடியிருக்கும் சனம் லய வீடுகள் அதிரச் சிரிக்கும். அவரும் சிரிப்பார். சிரிப்பு முடிந்தபின்னும் அவர் முகம் சிரித்த வடிவிலேயே சற்று நேரம் நின்றுவிடும். அதையும் பார்த்தேன், பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

பௌர்ணமியன்று காமன் எரிந்தான். அவர் நடித்ததைப் பார்த்து முதியவர்கள் நெஞ்சிலடித்து அழுதார்கள். என் எண்ணம் பலித்ததென்று நான் அம்மன் முன்னே விழுந்து வணங்கினேன்.

மறுநாள் காலை அவருடைய மனைவி என் வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "காப்பு நீங்கதானே கட்டுனீங்க ஐயா?" என்றார். காப்பிருந்த நாட்களில் சாமான் எடுக்கப் போன ஒரு நண்பகல், மஞ்சள் நூல் கையில் தெரிய, அவர் பதுளையில் அந்த விடுதியிலிருந்து இறங்கி வந்ததைத் தோட்டத்து ஆள் ஒருவர் பார்த்திருக்கிறார். செய்தி அன்று காலைதான் பிள்ளைக் காம்பராவுக்கு வந்து சேர்ந்தது. "ரெண்டு வருசமா எனக்குத் தெரியுமுங்க. போன்ல பாத்தேன். வெளிய சொல்லாம இருந்தேன். இப்ப சாமி குத்தமும் சேந்துபோச்சுன்னு அவரு பேச்சே இல்லாம கெடக்காரு. ராத்திரி வீட்டுக்கு வந்ததுலருந்து சோறும் எறங்கல."

"மகள், ஒரு பரிகாரம் செய்தால்..." என்று தொடங்கினேன்.

"வேணாங்க." குரல் உயரவில்லை. "ஒங்க பாட்டுல மருந்து இருக்கான்னு எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரில இதுக்கு டொக்டர் இருக்காங்கன்னு பிள்ளைகளுக்கு ஊசி போட வர்ற மிஸ்ஸி சொன்னாங்க. நான் கூப்புட்டா வரமாட்டாரு. நீங்க கூப்புட்டா வருவாரு. கூட்டிட்டுப் போங்க. இல்லாட்டி நான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு வெலிமடைக்கு அம்மா வீட்டுக்குப் போறேன்."

அடுத்த வியாழக்கிழமை பதுளை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் நாங்கள் இருவரும் அமர்ந்திருந்தோம். டொக்டர் சிங்களப் பெண். என் பேத்தி வயதிருக்கும். டிரைவருக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். ஆனால் என் பக்கம் திரும்பி, "பாதை கேக்க, பொலிஸ்காரனோட பேசத் தெரியும் ஐயா. இத அந்தப் பாசையில சொல்ல வரல. நான் தமிழ்ல சொல்றேன், நீங்க சொல்லுங்க" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் பெயர்த்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே என் நாக்கு வழுக்கியது. 'விடுதிக்குப் போகிறேன்' என்றதை 'மனம் அலைபாய்கிறது' என்றேன். படங்களைப் பற்றிச் சொன்னதைத் 'தீய எண்ணங்கள்' என்றேன். அவருடைய மானத்தைக் காப்பதாக எனக்குள் சொல்லிக்கொண்டேன். காத்தது என் வாயின் தூய்மையை. அவர் என் முழங்கையைத் தொட்டார். "ஐயா, நான் சொன்னதச் சொல்லுங்க. நல்லதா மாத்தாதீங்க. மாத்துனா மருந்தும் மாறிப்போகுமுல்ல?"

சொன்னேன். பதிகம் தவிர வேறெதற்கும் உரக்கத் திறந்தறியாத வாயால் அவ்வளவையும் சொன்னேன். டொக்டர் முகம் சுளிக்கவில்லை. எத்தனை காலமாக, நிறுத்தப் பார்த்தீர்களா, வேலை கெட்டதா என்று காய்ச்சலைப் பற்றி விசாரிப்பதுபோல் விசாரித்தார். கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். அதைத் தமிழாக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. "தம்பி... செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றியதா என்று கேட்கிறார்."

"காமன் எரிஞ்ச அன்னிக்கு" என்றார் அவர். "வேசத்துக்குள்ள நின்னு, நெசமாவே எரிஞ்சுட்டா எல்லாருக்கும் நிம்மதின்னு நெனச்சேன். ரதி அழுவுறப்ப என் பொண்டாட்டி அழுவுற மாதிரியே இருந்துச்சு. இப்பயும் அந்த நெனப்புப் போகல ஐயா."

அதை மாற்றாமல், சொல்லுக்குச் சொல் பெயர்த்தேன். கூத்தின் கதை எரிவதோடு முடிவதில்லை. மூன்றாம் நாள் ரதியின் கண்ணீருக்கு இரங்கிச் சிவன் காமனை எழுப்பித் தருவான். ஆசை அழிவதற்குரியதன்று, அதற்குரிய இடத்தில் வாழ்வதற்குரியது என்பதே அந்த மூன்றாம் நாளின் பொருள். ஆண்டுதோறும் நானே அதை விளக்கியிருக்கிறேன். ஆனால் ஒரு மனிதன் வந்து நின்றபோது எரிப்பதை மட்டும் அவனுக்குக் கொடுத்தேன்; எழுப்புவதை மறந்துபோனேன்.

இது பாவமா, நோயா என்று டொக்டரிடம் நான் கேட்டேன். பாவத்தைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றார். நிறுத்த முயன்று முடியாமல் இவர் தவிப்பது தெரிகிறது, அதற்கு உதவ வழியிருக்கிறது, ஆனால் சத்தியம் வாங்குவது அந்த வழியன்று என்றார். அன்றைக்கே மனைவியை வரவழைத்துப் பேசினார், தனியாக விடக்கூடாது என்றார், மருந்து எழுதினார், கணவன் மனைவி இருவருக்கும் இரத்தப் பரிசோதனைக்குச் சொன்னார். நல்ல வேளையாக அதில் குறை எதுவும் வரவில்லை. வியாழன்தோறும் தமிழ் பேசும் ஆலோசகர் ஒருவர் வந்தார். டிரைவர் படம் வராத பட்டன் போனுக்கு மாறினார். ஆறு மாதம் கழித்து ஒருநாள் என்னிடம், "மழைக்கு ஓடை பெருகுற மாதிரி ஏறுது ஐயா. எறங்காம கரையிலயே நின்னா, தானா வடிஞ்சுருது. வடியுமுன்னு இத்தன வருசம் யாருமே சொல்லல" என்றார். எனக்குத் தெரியாது என்பதால் சொல்லவில்லை. அதையும் அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

எல்லாம் தீர்ந்துவிட்டதென்று எழுத எனக்கு உரிமையில்லை. அவருடைய மனைவி வெலிமடைக்குப் போகவில்லை. "இன்னும் மன்னிக்கலீங்க. கூட இருக்கேன், அவ்வளவுதான்" என்று சென்ற ஆண்டு சொன்னார். இந்த ஆண்டும் அதையேதான் சொல்கிறார். பதுளையில் அவரைப் பார்த்தவரின் வாய் சும்மா இருந்ததில்லை. குழாயடியில் இன்னும் பேச்சு இருக்கிறது.

இந்த மாசியில் கோயில் கமிட்டித் தலைவர் கூட்டத்தில் எழுந்து, "அந்த வருசம் நம்ம டிரைவர் எரிஞ்ச எரிப்புல கல்லும் அழுதுச்சு. காப்ப அவருக்கே கட்டிருங்க ஐயா" என்றார். பின்னாலிருந்து யாரோ, "காப்புத் தாங்குமா பாத்துக் கட்டுங்க!" என்று சொல்ல, சிலர் வாய்பொத்திச் சிரித்தார்கள். டிரைவர் எழுந்தார். "எனக்கு வேணாங்க. எரிஞ்சது போதும்." ரதி வேடக்காரன், "அப்ப என்னைய நட்டாத்துல விட்டுட்டியா மச்சான்?" என்று கூவ, சிரிப்பு திசைமாறியது. நான் காரணம் எதுவும் சொல்லாமல், வேறொருவரைப் பாருங்கள் என்றேன். அவரை முதன்முறை அங்கே நிறுத்தியது என் பிழை என்று எழுந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் கதையும் வெளிவருமே என்று அடக்கிக்கொண்டேன். அது கருணையா, கோழைத்தனமா என்று எனக்கு இன்றுவரை தெளியவில்லை.

சென்ற வியாழன் காலை பஸ் நிற்கும் இடத்தில் அவரைக் கண்டேன். "முந்தாநா தவறிட்டேன் ஐயா" என்றார். கண்ணைத் தாழ்த்தவில்லை. "ரொம்ப நாளைக்கு அப்புறம். வீட்டுல சொல்லிட்டேன். அவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. ஆனா பஸ்ஸுக்குக் காலத்தால எழுப்பி விட்டா. இனி அங்கயும் போய்ச் சொல்லணும்."

"நான் கூட வரவா தம்பி?"

"வேணாங்க. நானே சொல்லிக்குவேன்."

ஒரு பாடலின் முதலடி என் நாவில் வந்து நின்றது. விழுங்கிக்கொண்டேன். "சாப்பிட்டீர்களா?" என்று மட்டும் கேட்டேன். "ரொட்டி தின்னேன் ஐயா, நீங்க பனியில நிக்காதீங்க, போங்க" என்றார். பஸ் வந்தது. உள்ளே இடமில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் மற்றவர்களோடு அவரும் நின்றபடியே போனார்.