நின்றிருந்த ஆறு கட்டைகள்

ஏற்காட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் காப்பி எஸ்டேட்டில் நான் கணக்கெழுதும் ரைட்டர். சென்னை வானாராய்ச்சி ஆபீஸ் கேட்டபடி நிலநடுக்கத்தை அளப்பதற்காக, ஒரே உயரத்தில், மெல்லியதிலிருந்து தடித்தது வரை ஆறு மரக்கட்டைகளை ஆபீஸ் மேசையில் நிறுத்தி வைத்திருந்தேன். பூமி அசைந்தால் மெல்லியவை முதலில் விழும். எத்தனை விழுந்தன, எந்தப் பக்கம் விழுந்தன என்று பார்த்தால் அசைவின் வேகமும் திசையும் தெரிந்துவிடும்.

ஒருநாள் மலையடிவாரத்துக் குப்பனூர் போய்த் திரும்பியபோது, காலையில் பூமி நடுங்கியதென்று ஆட்கள் வேலைக்குப் போகாமல் வாசலில் நின்றார்கள். உள்ளே ஓடிப் பார்த்தேன். ஆறும் நின்றன.

“நடுக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. போயி வேலயப் பாருங்க” என்றேன்.

ஆபீஸ் கூட்டும் பொன்னாயி மட்டும் நகரவில்லை.

“ஏனுங்க ரைட்டரய்யா, அஞ்சு கட்டை விழுந்து கெடந்துச்சுங்க. கூட்டறப்ப நாந்தான் எடுத்து நிறுத்துனனுங்க.”

“பூனை தள்ளியிருக்கும்.”

“பூனை தள்ளுனா நாலா பக்கமும் கெடக்குமுங்க. அஞ்சும் சன்னலப் பாத்தே சாஞ்சிருந்துச்சுங்க. குண்டுக்கட்டை மட்டும் நின்னுச்சுங்க.”

சன்னலைத் திரும்பிப் பார்த்தேன். சன்னல் இருப்பது வடக்கே.

ஐந்து கட்டைகள் வடக்கே விழுந்தன என்று அன்று மாலையே சென்னைக்கு அறிக்கை எழுதினேன். நல்ல அறிக்கைதான், பாராட்டுக் கடிதம்கூட வந்தது. ‘நேரில் கண்டது’ என்று எழுதி அதன் கீழே கையெழுத்துப் போட்டிருந்தேன். நான் நேரில் கண்டதோ, நேராக நின்ற ஆறு கட்டைகளை மட்டும்தான்.