அடுத்த மாடல்

அருண்பாண்டி மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கடையில் நன்றாகத்தான் இருந்தான். கொழுந்தெடுத்து ஓய்ந்த அம்மா மாரீஸ்வரிக்கு வேலைக் காலம் முடிந்ததும் அவன் ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. குடும்பத்தில் ஒருத்தராவது எஸ்டேட்டில் வேலைக்குப் பேர் பதியாவிட்டால் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். எஸ்டேட் ஃபேக்டரியில் சேர்ந்தான்.

அந்தக் கசப்பை மறக்க அவனுக்கு இருந்தது ஒரு வீடியோ கேம் பெட்டி. மாதச் சந்தா கட்டினால் போதும். புது மாடல் வந்ததும் பழையதை வாங்கிக்கொண்டு மாற்றித் தருவார்கள். ஃபேக்டரி பூட்டிக் கிடந்த மழை மாதங்களில் சந்தா நின்றது. உடனே பெட்டியும் நின்றது. அதை எடுத்துப்போக ஆள் வந்தான்.

"மூணு வருசமா கட்டுனேனேடா, ஒண்ணுகூட என்னுது இல்லையா?"

"கட்டுற வரைக்கும்தான் உங்களுது அண்ணே. திட்டமே அப்படித்தான்."

அருண்பாண்டி வயரைப் பிடுங்கிப் பெட்டியை அவன் கையில் திணித்தான்.

"எனக்குத் தெரியாத திட்டமா? இந்த வீட்டுக்கு முதல்ல எங்கம்மாவைச் சந்தாவாக் கட்டுனோம். அது தேஞ்சதும் என்னைய மாட்டியிருக்கோம். உள்ள தொட்டில்ல என் புள்ள தூங்குது பாரு, அடுத்த மாடல்."